கழுத்தறுத்தவர்கள் சரித்திரம்

ஐ.சி.யூ. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நாங்கள் பதினொரு பேர் நின்றிருந்தோம். உள்ளே பெரியப்பா. குன்றத்தூர் மலையடிவாரத்தில் மொபெட்டைக் கிளப்பி வெளிவட்டச் சாலை வரைக்கும் ஒழுங்காகத்தான் போயிருக்கிறார். அதற்கப்புறம் ஒரு தண்ணி லாரி. தலையில் அடி. வாய் வழியாகக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் பன்னிரண்டாவது நாள்.

இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்து, "இனிமே ட்ரக்கியாஸ்டமி பண்ணிடலாம்னு இருக்கோம். கழுத்துல சின்னதா ஓட்டை போட்டு, அது வழியா மூச்சுக்குழல்ல டியூப் வைப்போம். ஒரு கையெழுத்து வேணும்" என்றார்.

எங்கள் கட்சியின் கொறடா அத்தை. "பன்னண்டு நாளா கட்டின காசு போதாதுன்னு, இப்ப கழுத்த அறுக்குறதுக்கு எங்க கிட்டயே கையெழுத்தா?"

அத்தையைக் குறை சொல்ல முடியாது. தமிழில் இந்த வேலைக்கு நல்ல பெயரே கிடையாது. கடன் வாங்கிவிட்டுக் கம்பி நீட்டுகிறவன் நம்பவைத்துக் கழுத்தறுக்கிறான். கல்யாண வரவேற்பில் மைக்கை விடாமல் வாழ்த்துரை வழங்குகிறவரும் கழுத்தறுப்புதான். கோபம் வந்தால் சங்கைக் கடித்துத் துப்பிவிடுவேன் என்கிறோம். ஆள் போய்விட்டால் சங்கு ஊதியாச்சு என்கிறோம். கழுத்தில் ஏறி இறங்குகிற சங்கும் கடைசியில் ஊதுகிற சங்கும் ஒரே பெயரில் இருக்கிற மொழியில், "சங்குக்குக் கீழே ஒரு ஓட்டை" என்று ஒரு டாக்டர் எவ்வளவு சிரித்த முகத்தோடு சொன்னாலும் எடுபடாது.

போதாக்குறைக்கு எங்கள் ஊர்க்காரர் சேக்கிழார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அமைச்சராக இருந்தவர். குன்றத்தூரில் பிறந்து பெரியபுராணம் பாடியவர். அதில் கழுத்து சம்பந்தப்பட்ட கேஸ் இரண்டு உண்டு. அரிவாட்டாயர் சிவனுக்குக் கொண்டுபோன அரிசியும் கீரையும் மாவடுவும் வயல்வெடிப்பில் கொட்டிப்போனதும் அரிவாளைத் தன் கழுத்தில் வைத்து அறுக்க ஆரம்பித்தார். திருவொற்றியூரில் எண்ணெய் வணிகர் கலியர், விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் போனதும் கழுத்தை அறுத்து இரத்தத்தை ஊற்றப் பார்த்தார். இரண்டு இடத்திலும் இறைவன் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஆக, எங்கள் ஊர் ஆவணப்படி கழுத்தில் கத்தி வைத்தால் உடனே யாராவது மேலிடத்திலிருந்து வந்து தடுத்தாக வேண்டும். அத்தை லிஃப்ட் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

மேலிடத்திலிருந்து யாரும் வரவில்லை. சித்தப்பா கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் முடிகிறவரை வாசலில் உட்கார்ந்து நான் போனில் படித்ததும், அதற்குப் பிறகு பெரியப்பா வீடு வந்து சேரும்வரை பைத்தியம் பிடித்த மாதிரி தேடிப் படித்ததும்தான் கீழே வருவது. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழுத்தில் ஓட்டை போடுவது மனித இனத்துக்கு ஒருநாளும் பெரிய வித்தையாக இருந்ததில்லை. போட்ட பிறகு ஆள் செத்தால் யார் தலையில் விழும் என்பதுதான் இரண்டாயிரம் வருஷப் பிரச்சினை.

எகிப்தில் கிடைத்த ஐயாயிரம் வருஷத்துப் பலகைகள் சிலவற்றில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், இன்னொருவன் கூராக எதையோ அவன் கழுத்தை நோக்கி நீட்டுகிறான். அது ஆபரேஷன் என்று ஒரு கோஷ்டி எழுதுகிறது. இல்லை, நரபலி என்கிறது எதிர்க்கோஷ்டி. அத்தைக்கும் டாக்டருக்கும் வாசலில் நடந்தது அதே விவாதம்தான், அறிஞர்கள் அடிக்குறிப்போடு நடத்துகிறார்கள். அடுத்த பத்தியில் ரிக் வேதம் வந்துவிடும். வெள்ளைக்காரர் எழுதுகிற மருத்துவ வரலாறுகளிலேயே வருகிறது, நம் வாட்ஸ்அப் மாமாக்களைத் தனியாகத் திட்ட வேண்டியதில்லை. அதற்கடுத்து அலெக்சாண்டர்: எலும்பு சிக்கி மூச்சுத் திணறிய சிப்பாயின் கழுத்தை வாள்முனையால் திறந்து காப்பாற்றினாராம். ராஜா என்ன செய்தாலும் சரித்திரத்தில் அது சிகிச்சையாகிவிடும்.

ரோமில் அஸ்க்லெபியாடஸ் என்கிற வைத்தியர் இதைச் செய்தார் என்று மருத்துவர் கேலன் பிற்பாடு எழுதிவைத்தார். உடனே தொழில்முறைப் பொறாமை ஆரம்பமாகிவிட்டது. குருத்தெலும்பை வெட்டினால் ஒட்டவே ஒட்டாது என்று அரெட்டேயஸ் கை விரித்தார். கேலியஸ் அவுரேலியானஸ் அதெல்லாம் அஸ்க்லெபியாடஸ் விட்ட கதை என்று ஒரே அடியாக அடித்தார். கிரேக்க மருத்துவர் ஆன்டிலஸ் மட்டும் மூன்றாவது, நான்காவது வளையம் பக்கம் வெட்டு என்று நிதானமாக இடம் குறித்துக் கொடுத்தார். இன்றைக்கும் கத்தி ஏறத்தாழ அங்கேதான் இறங்குகிறது.

ஒட்டாது என்ற பேச்சைக் கிளப்பியவர்கள் யாரும் ஒட்டுகிறதா என்று பார்க்கவில்லை. பார்த்தவர்கள் அந்தலூசியாக்காரர்கள். அல் சஹ்ராவி என்ற வைத்தியர், கத்தியால் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்ட ஓர் அடிமைப் பெண்ணுக்குத் தையல் போட்டார். அவள் பிழைத்தாள், குரல் மட்டும் கொஞ்சம் கம்மியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில், சேக்கிழார் இங்கே பாடிய அதே நூற்றாண்டில், இப்னு சுஹர் ஒரு வெள்ளாட்டைப் பிடித்து மூச்சுக்குழலை அறுத்து, மருந்து வைத்துக் கட்டி, புண் ஆறுகிறதா என்று காத்திருந்தார். ஆறியது. கழுத்தறுபட்ட ஆடு புல் மேயப் போனது என்பதை எங்கள் ஊர் பிரியாணிக்கடை பாய் இன்றுவரை நம்பவில்லை.

1546இல் பிரசாவோலா என்ற இத்தாலியர், தொண்டையில் சீழ்க்கட்டி வந்து மூச்சடைத்துக் கிடந்தவரை இப்படிப் பிழைக்கவைத்ததாக எழுதினார். பின்னால் வந்த ஃபாப்ரிசியஸ் பதுவாவில் பெரிய பேராசிரியர். இந்த ஆபரேஷனை வானளாவப் புகழ்ந்தார். எப்படி வெட்டுவது, எந்த மாதிரி குழாய், அது உள்ளே நழுவிவிடாமல் இருக்க இறக்கை வைப்பது எப்படி என்று அக்கறையாக எழுதினார். ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை. அடுப்புப் பக்கமே போகாமல் பத்திரிகையில் சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு மூத்த அண்ணன்.

செய்தவர் பாரிஸில் இருந்தார். அபிகோ. 1620இல் புத்தகம் போட்டார், அதில் நான்கு பேரைக் காப்பாற்றிய கதை. அந்த நான்கில் எனக்குப் பிடித்தவன் பதினாலு வயசுப் பையன். கையில் ஒன்பது பொற்காசு. வழியில் திருடர் பயம். தங்கத்தை விழுங்கினால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் காசுகளைத் துணியில் முடிந்து லபக். மூட்டை உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த மூச்சுக்குழலை நசுக்க ஆரம்பித்தது. முகம் வீங்கிக் கறுத்துவிட்டது. அபிகோ முதலில் மூச்சுக்குழலைத் திறந்தார். பையன் மூச்சு விட்டான். பிறகு ஈயக் கம்பியால் மூட்டையைக் கீழே தள்ளி வயிற்றுக்கு அனுப்பினார். சில நாள் கழித்துப் பொன் போகவேண்டிய வழியில் பத்திரமாகப் போய்ச்சேர்ந்தது. வட்டி வரவில்லையே தவிர முதலுக்கு மோசமில்லை. எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் மீனம்பாக்கம் ஏர்போர்ட். அங்கே கஸ்டம்ஸ்காரர்கள் இன்றைக்கும் சில பயணிகளை ஓரமாக உட்காரவைத்து, வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். நானூறு வருஷத்தில் தங்கம் கடத்துகிற தொழில்நுட்பத்தில் முன்னேற்றமே இல்லை.

முட்டாள் பையன் பிழைத்தான். ஜார்ஜ் வாஷிங்டன் பிழைக்கவில்லை. ஏனென்றால் அவரைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் பெரிய டாக்டர்கள்.

1799 டிசம்பர். பனியிலும் மழையிலும் குதிரையில் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்த முன்னாள் ஜனாதிபதிக்குத் தொண்டை கட்டியது. 14ஆம் தேதி விடியலில் மூச்சு விட முடியவில்லை. மூன்று டாக்டர்கள் வந்தார்கள். கிரெய்க் மூத்தவர், குடும்ப நண்பர். பிரவுன் அடுத்தவர். எலிஷா டிக் இளையவர், முப்பத்தேழு வயசு. அன்றைய வழக்கப்படி இரத்தம் எடுத்தார்கள். சரியாகவில்லை, இன்னும் எடுத்தார்கள். ஒரே நாளில் இரண்டு லிட்டருக்கு மேல், உடம்பில் இருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. போதும், கழுத்தில் ஒரு திறப்பு வையுங்கள், அடைப்பு அங்கேதான் என்றார் டிக். மூத்தவர்கள் இருவரும் ஒப்பவில்லை. அமெரிக்காவைப் பெற்றெடுத்தவர் கழுத்தில் கத்தி வைத்து, அவர் கத்தியிலேயே போனால்? இரத்தம் எடுத்துச் செத்தால் நோயால் செத்தார். கழுத்தை வெட்டிச் செத்தால் டாக்டரால் செத்தார். ஆஸ்பத்திரி வார்டு ரவுண்ட்ஸில் சீனியர் பின்னால் ஃபைல் தூக்கிக்கொண்டு நடந்த எந்த ஜூனியரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார். அன்று இரவே வாஷிங்டன் போய்விட்டார்.

கதை இதோடு முடியவில்லை. மறுநாள் தார்ன்டன் என்கிற நண்பர் வந்து சேர்ந்தார். மருத்துவம் படித்தவர், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர். விறைத்துக் கிடந்த உடம்பைத் தண்ணீரிலும் கம்பளியிலும் வைத்துக் கதகதப்பாக்கி, கழுத்தில் துளை போட்டு, நுரையீரலில் காற்று ஊதி, ஆட்டுக்குட்டி இரத்தம் ஏற்றினால் எழுந்து உட்காருவார் என்று யோசனை சொன்னார். உயிர் இருந்தபோது வேண்டாம் என்ற ஆபரேஷனைப் போன பிறகு செய்யலாம் என்றால் யார் கேட்பார்கள்? வீட்டார் மறுத்துவிட்டார்கள். எழவு வீட்டுக்குத் தாமதமாக வந்து, நேற்றே என்னைக் கூப்பிட்டிருந்தால் என்று ஆரம்பிக்கிற உறவினர் அமெரிக்காவிலும் உண்டு என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பெரியவர்கள் செத்தபோது வராத தைரியம் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது வந்தது. தொண்டை அடைப்பான் என்று நம் பாட்டிகள் சாபத்தில் வைத்திருந்த அந்த நோய், தொண்டைக்குள் தோல் மாதிரி படலம் வளர்த்துப் பிள்ளைகளை மூச்சுமுட்ட வைத்துக் கொன்றது. 1825இல் ஃபிரான்சில் பிரெத்தோன்னோ நாலு வயசுக் குழந்தை ஒன்றின் கழுத்தைத் திறந்து பிழைக்கவைத்தார். அதற்கு முன்னால் அவர் திறந்த குழந்தைகள் பிழைக்கவில்லை. அவர் சீடர் த்ரூஸோ சுமார் இருநூறு குழந்தைகளுக்குச் செய்து, நாலில் ஒன்றைக் காப்பாற்றியதாக அறிவித்தார். நாலில் மூன்று போனது என்றும் படிக்கலாம். அன்றைய அம்மாக்கள் அப்படிப் படிக்கவில்லை. இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை, மேலே போகிறேன்.

1909இல் செவாலியர் ஜாக்சன் என்ற அமெரிக்கர் இதை ஒழுங்குபடுத்தினார். அவசரத்தில் கண்ட இடத்தில் வெட்டாதே, மேலே குரல்வளையை ஒட்டி வெட்டாதே, குழாய் சரியான அளவில் இருக்கட்டும், வைத்த பிறகு நோயாளியை விட்டு நகராதே. இவ்வளவுதான். நூற்றுக்கு 25 பேர் செத்துக்கொண்டிருந்த ஆபரேஷனில் சாவு ஒன்றிரண்டுக்கு இறங்கியது. பழைய வார்டுகளில் "ஜாக்சன் ட்யூப்" என்று கேட்டால் எடுத்துக்கொடுக்கிற உலோகக் குழாய் அவர் பெயரில்தான். விழுங்கியவர் தொண்டையிலிருந்து அவர் எடுத்த ஊக்கு, பொத்தான், நாணயம் எல்லாம் இரண்டாயிரத்துக்கு மேல் பிலடெல்பியாவில் ஒரு மியூசியத்தில் இருக்கின்றன. அபிகோவின் பையன் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பான்.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ. மூச்சுத் தசை செயலிழந்தவர்களில் முதல் சில வாரங்களிலேயே நூற்றுக்கு 87 பேர் போய்விட்டார்கள். மயக்க மருந்து டாக்டர் பியோர்ன் இப்சனைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வயசுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தைத் திறந்து குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைத் தள்ளினார். அவள் பிழைத்தாள். ஆனால் நகரத்தில் போதுமான மெஷின் இல்லை. ஆகவே மருத்துவ மாணவர்கள் சுமார் 1500 பேர் ஷிஃப்ட் போட்டு உட்கார்ந்து, மாதக்கணக்கில் பை அமுக்கினார்கள். சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைக்கு நாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற ஐ.சி.யூ. என்ற அறை அங்கே பிறந்ததுதான். நம் பக்கத்தில் 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காரர்களுக்கு நல்ல காற்று கிடைக்கட்டும் என்று தாம்பரத்தில் சானடோரியம் கட்டினார், இரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்தது. அது பொது இடத்துக் காற்று என்றால், கோபன்ஹேகனில் வந்தது பைப் கனெக்ஷன்.

ஆனால் இந்த பைப்பில் ஒரு வில்லங்கம். குழாய் குரல்நாணுக்குக் கீழே இருக்கிறது. மூச்சு அங்கேயே வெளியே போய்விடுகிறது. நாணுக்குக் காற்று போகாது. வாய் அசையும், சத்தம் வராது. சாதாரண ஆளுக்கே கஷ்டம். பேச்சையே தொழிலாக வைத்திருக்கிறவர்களுக்கு?

1887இல் ஜெர்மனிப் பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்குக் குரல்வளையில் புற்றுநோய். ஜெர்மன் டாக்டர்கள் ஒன்று சொன்னார்கள். லண்டனிலிருந்து மெக்கன்சி என்ற நிபுணர் வந்து வேறொன்று சொன்னார். 1888 பிப்ரவரியில் கழுத்தில் குழாய். மார்ச்சில் அப்பா போனதும் இவர் சக்கரவர்த்தி. ஒரு வார்த்தை பேச முடியாத சக்கரவர்த்தி, துண்டுச் சீட்டில் எழுதியே 99 நாள் ஆண்டுவிட்டுக் கண்ணை மூடினார். அப்புறம் ஜெர்மன் டாக்டர்களும் லண்டன் டாக்டரும் மாறி மாறிப் புத்தகம் போட்டு யார் கொன்றது என்று சண்டை பிடித்தார்கள்.

லண்டன் டாக்டர், பேச முடியாத ஆட்சியாளர், சீட்டு, பிறகு விசாரணை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

தமிழ்நாட்டில் கழுத்துக்கும் அரசியலுக்கும் சம்பந்தம் 1967லேயே ஆரம்பித்துவிட்டது. குன்றத்தூரிலிருந்து போரூர் வழியாகக் கிண்டிக்குப் போகிறவர்கள் கடக்கிற ராமாவரத்தில், ஜனவரி 12ஆம் தேதி எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆர். கழுத்தில் பாய்ந்தது. கழுத்துக் கட்டோடு அவர் படுத்திருந்த படம் சுவரெல்லாம் ஏறியது. பரங்கிமலையில் அவர் பிரசாரத்துக்கே வராமல் ஜெயித்தார். குரல் கடைசிவரை பழையபடி திரும்பவில்லை. அதைக் கேட்கவும் டிக்கெட் வாங்கினோம், ஓட்டும் போட்டோம்.

2016 செப்டம்பர் 22ஆம் தேதி ஜெயலலிதா ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்டோபர் 7இல் ட்ரக்கியாஸ்டமி. அதுவரை இந்தச் சொல்லைக் கேட்டிராத டீக்கடைகளில் ஒரே வாரத்தில் எல்லோரும் நிபுணர். லண்டனிலிருந்து டாக்டர் ரிச்சர்ட் பீல் வந்தார். வால்வு பொருத்திச் சில நிமிஷம் பேசுகிறார் என்று நவம்பரில் சொன்னார்கள். நடுவில் திருப்பரங்குன்றம், அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல். வேட்பாளருக்குச் சின்னம் ஒதுக்கும் படிவத்தில் கட்சித் தலைவர் கையெழுத்து வேண்டும். கான்வென்ட் ஆங்கிலத்தில் டில்லியை வாய் மூடவைத்தவரின் படிவத்தில் இடது கட்டைவிரல் ரேகை வந்தது. சமீபத்தில் ட்ரக்கியாஸ்டமி ஆனவர், வலது கை வீங்கியிருக்கிறது, ஆகவே ரேகை என்று பேராசிரியர் டாக்டர் ஒருவர் சான்று கொடுத்தார். கட்சி மூன்றிலும் ஜெயித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் திருப்பரங்குன்றம் வெற்றி செல்லாது என்றது. ஜெயித்தவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். கைநாட்டு போட்டவரும் 2016 டிசம்பர் 5லேயே போய்விட்டார். தோற்றவர் மட்டும் தீர்ப்பைக் கேட்க இருந்தார்.

ஜெயலலிதா போன பதினொன்றாம் நாள், டிசம்பர் 16, கருணாநிதிக்கு ட்ரக்கியாஸ்டமி. எதிரெதிர் மேடையில் முப்பது வருஷம் ஒருவரை ஒருவர் பேசியே வாட்டிய இரண்டு கழுத்திலும் ஒரே சீசனில் ஒரே அளவு ஓட்டை. கருணாநிதி அந்தக் குழாயோடு ஏறக்குறைய இருபது மாதம் இருந்தார். 2018 ஜூலையில் குழாய் மாற்றினார்கள். ஆகஸ்ட் 7இல் முடிந்தது. "உடன்பிறப்பே" என்று ஆரம்பித்தால் கடற்கரையை நிறுத்திவைத்த தொண்டை அது. அந்த இரண்டு வருஷத்தில் தமிழ்நாட்டு அரசியலில் சத்தம் ஒன்றும் குறைந்துவிடவில்லை, கேட்கும்படியாக இருந்ததுதான் குறைந்தது.

எலிசபெத் டெய்லருக்கு மட்டும் இந்த ஓட்டை ராசியானது. 1961இல் லண்டனில் நிமோனியா வந்து கழுத்தில் துளை போட்டார்கள். அடுத்த மாதம் அந்தத் தழும்போடு மேடையேறி ஆஸ்கர் வாங்கினார். தோற்றுப்போன ஷெர்லி மெக்லைன், தான் தோற்றது ஒரு ட்ரக்கியாஸ்டமியிடம் என்றார்.

இப்போது ஐ.சி.யூ. வாசலுக்குத் திரும்ப வேண்டும். ஏனென்றால் சரித்திரம் கடைசியில் ஒரு குட்டிக்கரணம் போட்டது. இவ்வளவு காலமாகத் தள்ளிப்போட்டவர்களைத்தானே திட்டிக்கொண்டிருந்தோம்? வென்டிலேட்டர் காலத்தில் கேள்வி மாறிவிட்டது. அடைப்பு இல்லை, வாய்க்குழாய் வேலை செய்கிறது. அதைக் கழுத்துக்கு எப்போது மாற்றுவது? இங்கிலாந்தில் 909 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நாலு நாளுக்குள். இன்னொரு பாதிக்குப் பத்து நாள் பொறுத்து, அப்போதும் தேவைப்பட்டால். 2013இல் முடிவு வந்தது. முப்பது நாளில் செத்தவர்கள் முன்னதில் நூற்றுக்கு 30.8, பின்னதில் 31.5. வித்தியாசமே இல்லை. சுவாரசியம் அதிலில்லை. பொறுத்திருந்த கோஷ்டியில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓட்டையே போடவில்லை. சிலர் குழாய் தேவையில்லாமல் தாங்களாகவே மூச்சு விட்டார்கள். சிலருக்கு அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாஷிங்டன் வீட்டில் நின்ற சீனியர்கள் இதைக் கேட்டால், பார்த்தாயா என்று டிக்கைப் பார்த்து மீசையை முறுக்கியிருப்பார்கள். அவர்கள் கேஸ் வேறு என்று யார் எடுத்துச் சொல்வது.

பெரியப்பாவுக்கு அரைமணி நேரத்தில் முடிந்தது. கட்டிலிலேயே ஊசி வழியாகத் துளைத்து விரிக்கிற முறை 1985லிருந்து இருக்கிறது. அவர் கழுத்து குட்டை, அதனால் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கத்தியிலேயே திறந்தார்கள். வாய்க்குழாய் போனதும் முதல் முறையாக முழு முகம் தெரிந்தது. மயக்க மருந்தைக் குறைத்தார்கள். நாலாம் நாள் கண்ணால் எங்களை எண்ணினார். நர்ஸ் மெல்லிய குழாயை விட்டுச் சளி உறிஞ்சும்போது வருகிற சத்தம், இளநீரின் கடைசிச் சொட்டை ஸ்ட்ராவில் இழுக்கிற சத்தம். முதல் நாள் அத்தை ஓடிவிட்டாள். பத்தாவது நாள் நர்ஸுக்கே, "இன்னும் இருக்கு பாரு, கர்ருங்குது" என்று சொல்லிக்கொடுத்தாள். குழாய் சளியில் அடைத்துக்கொள்ளும், இருமலில் நழுவும், இரத்தம் கசியும் என்று டாக்டர் பட்டியல் போட்டுப் பயமுறுத்தியிருந்தார். ஆபரேஷனைவிட அதற்கப்புறம் கண்விழிக்கிறதுதான் வேலை என்று ஜாக்சன் சொன்னது அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வரும்போது கழுத்தில் உலோகக் குழாய், பின்னால் முடிச்சுப் போட்ட வெள்ளை நாடா, மேலே ஈரத் துணி. குழாய் வாயை விரலால் மூடினால் மூச்சு மேலே ஏறும், குரல் வரும், எடுத்துவிட்டால் காற்று என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று நாள் பயிற்சி. "தண்ணி" வந்தது. "ஃபேன்" வந்தது. லாரி நம்பரை யாராவது குறித்துக்கொண்டார்களா என்ற கேள்வி வந்தது.

நாலாம் நாள் அத்தை பூரிக்கிழங்கோடு வந்து, நான்தான் ராத்திரி பகலாக வாசலில் கிடந்தேன், குன்றத்தூர் முருகனுக்கு முடி நேர்ந்திருக்கிறேன் என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். வலது கட்டைவிரலைத் தூக்கி, நிதானமாகக் குழாய் வாயில் வைத்தார்.

"கையெழுத்து போடாதேன்னு சொன்னது நீதானாமே?"

"யாரு சொன்னது? யாரு சொன்னதுங்கறேன்?" என்றாள் அத்தை, சித்தப்பா பக்கம் திரும்பி.

பெரியப்பா விரலை எடுத்துவிட்டார். அதற்குமேல் காற்றுதான் வந்தது.